கலைச்சொல்: லெவுக்கு – சாமி மக்களின் பெரிய கத்தி

அனைவருக்கும் வணக்கம்.

வெளிப்புறக் கருவிகளுக்கான நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் முடிவாகாமல் கிடக்கும் சொல் இது. நோர்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதியிலும் உருசியாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் சாமி மக்களின் பெரிய கத்தி. பின்னிய மொழியில் லெவுக்கு, வடசாமி மொழியில் ஸ்டுவொர்ராநீபி.

பொருளை முதலில் பார்ப்போம். அலகு பெரும்பாலும் 20 முதல் 25 செ.மீ. நீளம், அகலமானது. முதுகு ஏறக்குறைய 4 மி.மீ. தடிப்பு, நேராக ஓடும். கூர் (வெட்டும் விளிம்பு), முனையை நெருங்கும்போது மட்டும் வளைந்து ஏறும். கரிம எஃகு. பிடி பிர்ச் மரம் அல்லது துருவமான் கொம்பு. கைக்காப்பு கிடையாது. பிடியின் அடி அகன்றிருப்பதால் வீசும்போது கையை விட்டுப் போகாது.

இதுவரை வந்த பரிந்துரைகள்: வெட்டுக்கத்தி, சாமிக் கத்தி, லாப்புக் கத்தி.

———

> சாமிக் கத்தி

இது வேண்டாம் ஐயா. படிக்கிறவர் கருப்பசாமி கோயில் அரிவாளைத்தான் நினைப்பார். "சாமியர் கத்தி" என்று மாற்றினால் ஒரு கால் கூடிச் சாமியார் கத்தியாகிவிடும். மெய்ப்புத் திருத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"லாப்பு" என்பது சாமி மக்களுக்குப் பிறர் இட்ட பழைய பெயர். அதை அம்மக்களே இழிவாகக் கருதுகிறார்கள். அதைப் பட்டியலில் ஏற்றவே கூடாது. அவர்கள் நிலத்தின் பெயர் சாப்மி. அடைமொழி தேவையென்றால் அதிலிருந்து எடுக்கலாம்.

> வெட்டுக்கத்தி

நம் வெட்டுக்கத்தி இறைச்சிக் கடையிலும் இருக்கிறது, தோட்டத்திலும் இருக்கிறது. அரிவாளும் பொருந்தாது. அரிவாளின் உள்வளைவு கிளையைப் பற்றி இழுத்து அறுக்கும். இதில் அந்த வளைவே இல்லை.

———

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பரிந்துரை: தறிகத்தி. மரம் தறிக்கிறது என்பது இங்கே நாளாந்தப் பேச்சு.

இந்தக் கத்தி பிறந்த இடத்தைப் பாருங்கோ. வட நோர்வேயின் பின்மார்க் மேட்டுநிலத்தில் நிற்கிறது பெரும்பாலும் மலைப் பிர்ச்தான்: மெல்லியது, கோணலானது. அதற்குக் கோடரி சுமக்கத் தேவையில்லை. மணிக்கட்டுப் பருமனுள்ள கன்றை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, இழுபட்டு நிற்கும் வெளிப்பக்கத்தில், அடியை நோக்கிச் சாய்வாக வெட்டினால் இரண்டு மூன்று வீச்சில் விழும். குறுக்கே நேராக வெட்டினால் அலகு நாரில் இறுகி நின்றுவிடும். வெட்டு முடிகிற திசையில் காலோ முழங்காலோ இருக்கக்கூடாது. லாவ்வு என்ற அவர்களின் கூடாரத்துக்குக் கம்பு, நிலத்தில் பரப்பக் கிளை, அடுப்புக்கு விறகு எல்லாம் இப்படித் தறித்ததுதான்.

———

> தறிகத்தி

நல்ல சொல் அம்மா. ஆனால் இங்கே தமிழ்நாட்டில் தறி என்றால் நெசவுத் தறி. தறிகத்தி என்றதும் நூல் அறுக்கும் கருவி என்று நினைப்பார்கள். இன்னொன்று, தறிப்பது இதன் பாதி வேலைதான். துருவமானை வெட்டிப் பிரிப்பதும் இதுவே. மச்சை எடுக்கக் கால் எலும்பை முதுகால் தட்டி உடைப்பார்கள்.

ஸ்டுவொர்ராநீபி என்றால் பெரிய கத்தி, அவ்வளவுதான். செதுக்கவும் துருவமானின் காதில் உரிமை அடையாளம் வெட்டவும் தனியாக ஒரு சிறு கத்தி உண்டு. இரண்டையும் ஒரே உறையில் செருகும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே பெருங்கத்தி, சிறுகத்தி என்று இணையாகவே வைப்போம்.

தோய்ச்சல் (எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்துவது) பற்றி வரையறையில் ஒரு வரி வேண்டும். சிறுகத்தியைவிட இதைச் சற்று மென்மையாகத்தான் பதப்படுத்துவார்கள். கடினமாக விட்டால் உறைந்த கணுவிலோ கொம்பிலோ பட்டதும் கூர் சில்லுச் சில்லாகப் பெயரும். மென்மையானது மடங்கும். மடங்கியதைக் கையளவு கல்லில் தீட்டி நிமிர்த்திவிடலாம், பெயர்ந்ததைக் காட்டில் சரிசெய்ய வழியில்லை.

இன்னொரு சிக்கல், கூரின் சரிவு. சிறுகத்தியில் இருபுறமும் ஒரே சரிவு நேரே கூர்வரை இறங்கும். அதை "ஒருசரிவு" என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். உளியைப் போல ஒரு பக்கம் மட்டும் தீட்டியது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். "நேர்சரிவு" என்று திருத்தலாம். பெருங்கத்தியில் அந்த நேர்சரிவின் நுனியில் மெல்லிய இரண்டாம் சரிவு வைப்பதுண்டு. வைக்காவிட்டால் தறிக்கும்போது கூர் சீக்கிரம் சுருளும்.

———

பெருங்கத்திக்கு என் ஆதரவு. உறுப்புப் பெயர்களுக்கு அலகு, முதுகு, கூர், பிடி, பூண், உறை போதும், எல்லாம் கொல்லர் வாயில் உள்ளவை. பிடிக்குள் ஓடும் மெல்லிய கம்பிப் பகுதிக்கு "காம்பு" என்று வைக்கலாம். பழைய கத்திகள் முறிவது பெரும்பாலும் அங்கேதான். ஈரமும் உலர்ச்சியும் மாறி மாறிப் பட்டு மரப்பிடி சுருங்கிக் காம்பு ஆடத் தொடங்கும். ஆடுகிற பிடியோடு விறகு பிளந்தால் பூண் ஓரத்தில் வளையும்.

உறை ஆழமானது, பிடியின் ஒரு பகுதியையும் விழுங்கிக்கொள்ளும். அதனால் குனிந்தாலும் ஓடினாலும் கத்தி வெளியே வராது. ஆனால் நனைந்த தோல் மென்மையாகும், கூர் தையலை அறுத்து வெளியே வரும். உள்ளே மரத்தகடு வைப்பது அதற்காகத்தான். நனைந்த உறையில் இரவு முழுக்க விட்டால் கரிம எஃகு துருப்பிடிக்கும். அலகைத் துடைத்துத் தனியே வைக்கவேண்டும்.

விறகு பிளக்கும் முறைக்கும் சொல் இல்லை. "தட்டிப்பிளத்தல்" என்கிறேன். 6, 7 செ.மீ. தடிப்புள்ள கட்டையை நிறுத்தி, அலகை அதன் தலையில் வைத்து, முனை நான்கு விரல் வெளியே நீட்டியிருக்க, மரக்கட்டையால் முதுகில் தட்டுவது. கல்லால் தட்டினால் முதுகு சிதையும். கணு எதிர்ப்பட்டால் கட்டையைத் தலைகீழாக்கி மறுமுனையிலிருந்து தொடங்கவேண்டும். கைப்பிடியை ஆட்டிப் பிடுங்கினால் முன்சொன்ன காம்பு போய்விடும்.

———

சரி, பதிவு இப்படி இருக்கட்டும்:

சாப்மிப் பெருங்கத்தி (பெ.): சாமி மக்களின் நீண்ட, அகன்ற, நேர்முதுகுள்ள கத்தி. சிறுமரம் தறிக்கவும், விறகு தட்டிப்பிளக்கவும், துருவமான் இறைச்சியும் எலும்பும் வெட்டவும் பயன்படுவது. மறுபெயர்: லெவுக்கு.

தறிகத்தியை ஈழவழக்கு என்ற குறிப்போடு துணைச்சொல்லாகச் சேர்க்கிறேன். நேர்சரிவு பற்றி வேறு கருத்து இருந்தால் பட்டியல் மூடுவதற்குள் எழுதுங்கள்.