‘ஃபிலே’ என்றால் ஓடுவதா, கிளம்புவதா?

பனங்கிழங்கு:
பிரெஞ்சு வகுப்பில் ‘ஃபிலே’ என்ற வினைக்கு ‘வேகமாக ஓடு’ என்று எழுதினேன். ஆசிரியர் தப்பு என்று அடித்துவிட்டார். பைக் 120 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்பதற்கும் இதே வினைதானே வருகிறது? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

லாஷப்பெல்வாசி:
ஆசிரியர் செய்தது சரிதான் தம்பி. காலால் ஓடுவதற்கு ‘கூரிர்’ இருக்கிறது. பாரிசில் என்னோடு வேலை பார்த்த பெண் தினமும் ஐந்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு ‘அலே, ஜ ஃபில்!’ என்பாள். அப்புறம் ஆற அமர நடந்துதான் மெட்ரோவுக்குப் போவாள். ‘சரி, நான் கிளம்புறேன்’ என்பதுதான் அதற்குப் பொருள்.

வேரைப் பாருங்கள். ‘ஃபில்’ என்றால் நூல். இந்த வினையின் பழைய பொருளே நூல் நூற்பது. கப்பலில் கயிற்றைத் தளர்த்தி ஓடவிடுவதற்கும் இதே சொல். அந்தக் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டுகிறது என்று எண்ணித்தான் வேகம் கண்டார்கள். இன்றும் பத்து ‘நாட்’ (கப்பல் வேக அளவு) வேகத்தில் போகிற கப்பல் பிரெஞ்சில் பத்து முடிச்சு ‘ஃபிலே’ செய்கிறது. காலுறையில் இழை பிரிந்து ஓடுவது, காசு விரலிடுக்கில் நழுவுவது, எரிநட்சத்திரம் (‘எத்துவால் ஃபிலாந்த்’) எல்லாவற்றுக்கும் இதே வினைதான். இதில் எதிலாவது கால் இருக்கிறதா? எல்லாமே பிடியை விட்டுப் போகிற சங்கதி.

கடற்கரைச்சாலை:
அப்படியானால் தமிழில் ‘கம்பி நீட்டு’ என்று எழுதலாமே அக்கா! நூலும் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே படம். விருந்திலிருந்து சொல்லாமல் நழுவுவதை ‘ஃபிலே ஆ லாங்லேஸ்’, அதாவது ஆங்கிலேயர் பாணியில் கம்பி நீட்டுவது என்கிறார்கள். ஆங்கிலேயரோ அதே பழியைப் பிரெஞ்சுக்காரர் மேல் போடுகிறார்கள்.

லாஷப்பெல்வாசி:
ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பி நீட்டுவதில் ஏமாற்று இருக்கிறது. கடன் வாங்கியவன் கம்பி நீட்டுவான். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறவளை அப்படிச் சொல்வது அநியாயம்.

கடற்கரைச்சாலை:
போலீஸ் வருவதற்குள் திருடன் ‘ஃபிலே’ செய்தால்? அங்கே ‘கிளம்பினான்’ என்று எழுதினால் சப்பென்று இருக்கும்.

லாஷப்பெல்வாசி:
சரி, திருடனுக்கு மட்டும் உங்கள் கம்பியை விட்டுத்தருகிறேன்.

பனங்கிழங்கு:
அப்போ இறந்தகாலத்தில் ‘பார்த்திர்’ (புறப்படு) வினைபோல ‘எத்ர்’ என்ற துணைவினை சேர்க்கணுமா அக்கா?

லாஷப்பெல்வாசி:
இல்லை தம்பி, ‘அவுவார்’. ‘இல் அ ஃபிலே’. தேர்வில் நிறையப் பேர் வழுக்குகிற இடம் இது. மேலதிகாரியிடம் விடைபெறும்போது ‘பார்த்திர்’ போதும், ‘ஃபிலே’ பழகினவர்களுக்கு.