பத்தாவது மார்க்கைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தரணுமா?

வைகைக்கரை:
எங்க ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில பிளஸ் ஒன் சேர்க்கை முடிஞ்சது. 500க்கு 400 தாண்டினவங்களுக்குத்தான் பயாலஜியும் கம்ப்யூட்டர் சயின்ஸும். மத்தவங்களுக்கு வரலாறு, தொழிற்கல்வி. சமூக அறிவியல்ல மார்க் குறைஞ்ச பொண்ணு புரோகிராம் எழுதக் கூடாதா? வசதியான பிள்ளைக்கு வீட்டுலயே லேப்டாப் இருக்கு. பள்ளியை விட்டா வேற கம்ப்யூட்டரே பார்க்க முடியாத பிள்ளையைத்தான் லேபுக்கு வெளியே நிறுத்துறோம்.

லேப் வாத்தியார்:
நான் கணினிப் பயிற்றுநர். எங்க லேபில் ஓடுவது பத்து சிஸ்டம். ஐம்பது பேரைச் சேர்த்தால் ஒருத்தன் டைப் பண்ணுவான், நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று இரண்டு புரோகிராம் மொழிகள், கூடவே கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. பத்தாவதிலேயே கணக்கில் திணறிய பிள்ளை இங்கே வந்தால் கணக்கில்தான் ஃபெயிலாகும். தேர்ச்சி விகிதம் விழுந்தால் பதில் சொல்வது எச்.எம். தானே?

வைகைக்கரை:
ஃபெயிலாகுறது கணக்குலன்னு நீங்களே சொல்றீங்க சார், பைத்தான்ல இல்ல. அப்புறம் ரெண்டையும் எதுக்கு ஒண்ணாக் கட்டி வைக்கணும்?

லேப் வாத்தியார்:
அதற்குத்தான் காமர்ஸோடு கணினிப் பயன்பாடுகள் பாடம் இருக்கிறது. வெப்சைட் செய்யப் பயன்படும் எச்டிஎம்எல், பிஎச்பி வரைக்கும் போகும்.

முல்லை:
எங்க பள்ளிக்கூடத்துல காமர்ஸ் இருக்கு சார், அந்தப் பாடம் இல்ல. எடுக்க டீச்சர் இல்லையாம். பக்கத்து டவுனுக்குப் பஸ்ஸேறிப் போகணும். தம்பியை அனுப்பினாங்க, என்னை அனுப்பல.

செந்தில்_பிஇ:
குரூப்பை ரொம்பப் பெருசாக்குறீங்க. பொறியியல் கலந்தாய்வுல கட்ஆஃப் 200. கணக்குக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதுல சேராது. கணக்கோட பயாலஜி படிச்சவங்களும் பி.இ. கம்ப்யூட்டர் எடுக்கலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021லிருந்து 7.5% உள் ஒதுக்கீடும் இருக்கு.

வைகைக்கரை:
சீட்டு கிடைக்கும் தம்பி, அந்த ஒதுக்கீடு பெரிய விஷயம். ஆனா முதல் செமஸ்டர்ல, ஆறாவதுலயே கோடிங் கிளாஸ் போன பையன் பக்கத்துல இவங்க உட்காரணுமே. வரலாறு குரூப் பிள்ளைக்கு அந்தக் கலந்தாய்வே கிடையாது. ஆறாவதுலிருந்தே எல்லாருக்கும் வாரம் ரெண்டு பீரியட் லேப் வேணும், பரீட்சை இல்லாம.

லேப் வாத்தியார்:
அதை நானும் கேட்பேன். ஆனால் பிளஸ் டூ பிராக்டிகலையே ஒற்றை ஆளாகப் பார்க்கிறேன். கீழ்வகுப்புகளுக்கு ஆள் போடாமல் பாடத்தை மட்டும் நுழைத்தால், அறிவியல் டீச்சர் தலையில்தான் கட்டுவார்கள்.

வைகைக்கரை:
அப்போ ஆள் போடச் சொல்லி முதல்ல கேட்போம். இந்த மாசம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல தீர்மானம் கொண்டுவரப் போறேன். முல்லை, உங்க அம்மாவையும் உங்க பள்ளிக் கூட்டத்துல பேசச் சொல்லும்மா.