கேட்ச்-22க்குத் தமிழில் என்ன? 'கண்ணிவிதி': ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்க விடாத விதியைத்தான் ஆங்கிலத்தில் கேட்ச்-22 என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'இருதலைக்கொள்ளி' போதும் என்று நம் குழுவில் திருவொற்றியூர் ஐயா எழுதியிருந்தார். அந்தச் சொல் வந்த ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' நாவல் இந்தப் பருவத்தில் எனக்குப் பாடம். படித்த வரைக்கும் ஐயா சொன்ன சொல் பொருந்தவில்லை. இரண்டு முனையும் எரிகிற கட்டைக்குள் எறும்பு மாட்டிக்கொள்கிறது, சரி. கொள்ளி வைத்தவன் யார்? அந்தக் கேள்வி இந்தச் சொல்லில் எழுவதே இல்லை. நாவல் முழுக்க அந்தக் கேள்விதான்.

இரண்டாம் உலகப் போர். இத்தாலியை ஒட்டிய பியானோசா தீவில் அமெரிக்க விமானப்படைத் தளம். யோசாரியன் விமானத்தில் இருந்து குறிபார்த்துக் குண்டு போடுகிறவன். (ஹெல்லரே அந்த வேலை பார்த்து 60 முறை பறந்தவர்.) இத்தனை முறை பறந்தால் ஊருக்குப் போகலாம் என்று கணக்கு உண்டு. யோசாரியன் அதை நெருங்கும்போதெல்லாம் கர்னல் கேத்கார்ட் எண்ணிக்கையை ஏற்றிவிடுவார். பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று படை மருத்துவரிடம் கேட்கிறான். பைத்தியத்தைப் பறக்க அனுப்பக் கூடாது என்று விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவனே வந்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் உயிர்ப்பயம் இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஆகிவிடும். பறக்க வேண்டியதுதான். இந்த விதிக்குத்தான் நாவலில் கேட்ச்-22 என்று பெயர்.

'பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, சுழற்சி அச்சு அசலாக அதுதான். ஆனால் பழமொழியை யாரும் கையெழுத்துப் போட்டு ஆணையாக்கவில்லை. 'சுழல்சிக்கல்' என்ற இன்னொரு பரிந்துரையும் எனக்குப் போதாமல் போவது இதனால்தான்.

எங்கள் காசிமேட்டில் ஒரு அண்ணன் துறைமுகத்துக்குள் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். நுழைவுச் சீட்டு இருந்தால்தான் வேலை என்றார் ஒப்பந்தக்காரர். வேலை தந்ததற்குக் கடிதம் இருந்தால்தான் சீட்டு என்றார்கள் சீட்டு கொடுக்கிற இடத்தில். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ எல்லாம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரின் மடிப்பு கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, அதுவும் பிரிந்து வரும் வரைக்கும் அலைந்தார். அவர் இக்கட்டில் இருக்கிறார் என்று சொன்னால் பழி அவர் நேரத்தின் மேல் போய் விழுகிறது. அந்த இரண்டு நிபந்தனைகளையும் போட்டவர்கள் இருக்கிறார்கள். சொல்லில் அவர்கள் தெரிய வேண்டும்.

ஆகவே 'கண்ணிவிதி'. கண்ணி தானாக முளைக்காது, ஒருவன் வைக்க வேண்டும். பக்கத்தில் கண்ணிவெடி இருப்பதால் போரின் வாடையும் கொஞ்சம் வரும். 'கண்ணிவிதியில் மாட்டிக்கொண்டான்' என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் உட்காருகிறது.

பெரம்பூர் அக்கா எழுதியது:

தம்பி, கேட்ச்-22 என்றே விட்டால் என்ன? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தப் பெயரை யாரும் தமிழாக்கவில்லை. இன்றைக்கும் 'அவன் சரியான எம்டன்' என்கிறோம். அப்புறம், 'விதி' என்றால் நம் ஆட்கள் தலைவிதி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

மறுமொழி:

அக்கா, எம்டன் சுட்டதை ஊரே காதால் கேட்டது. அதனால் பெயர் ஒட்டிக்கொண்டது. 22 என்ற எண்ணுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. ஹெல்லர் முதலில் வைத்தது 18. நாவல் வந்த அதே 1961இல் லியோன் யூரிஸின் 'மிலா 18' வந்ததால் எண்ணை மாற்றினார்கள். அதை நாம் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தலைவிதி பற்றி நீங்கள் கேட்டது நியாயம். நாவலின் கடைசிப் பகுதியில் ரோமில் ஒரு கிழவி வருகிறாள். வீட்டில் இருந்த பெண்களையெல்லாம் படைக் காவலர்கள் விரட்டிவிட்டார்கள். காரணம் கேட்டால் கேட்ச்-22 என்றார்களாம். அதைக் காட்டச் சொன்னாயா என்கிறான் யோசாரியன். காட்ட வேண்டியதில்லை என்று அந்த விதியே சொல்கிறதாம். கிழவிக்கு அது தலைவிதியாகத்தான் வந்து விழுகிறது. அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது என்பது யோசாரியனுக்கு அங்கேதான் உறுதியாகிறது. இல்லாத விதி என்பதால் கிழித்துப்போடவும் முடியாது, அதுதான் கொடுமை. இந்த இரண்டு பேருடைய 'விதி'யும் ஒரே சொல்லில் நிற்கட்டும். 'கண்ணிச்சட்டம்' என்று மாற்றினால் கிழவி விடுபட்டுப்போவாள்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் இந்த ரோம் காட்சியில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.