டிராஃப்டில் கல்லூரி ஆட்டக்காரரையும் வெளிநாட்டு லீக் ஆட்டக்காரரையும் எப்படி ஒப்பிடுவது?

மாட்டுங்காவாசி:
வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் மாதக் கடைசியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கே எழுந்து என்பிஏ டிராஃப்ட், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி, பார்க்கும் கூட்டம் எங்கள் கட்டடத்தில் உண்டு. 2024-இல் பிரான்சில் ஆடிய ரிசாஷே முதலாவதாகவும், ஆஸ்திரேலியாவின் பெர்த் அணியில் ஆடிய அலெக்ஸ் சார் இரண்டாவதாகவும் தேர்வானார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இவர்களைவிட அதிகப் புள்ளிகள் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எதை வைத்து இப்படி முடிவெடுக்கிறார்கள்?

செம்பூர் பயிற்சியாளர்:
புள்ளிச் சராசரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். 2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் டிரே யங் ஆட்டத்துக்கு 27.4 புள்ளிகள் எடுத்தார். ரியல் மாட்ரிட்டின் லூக்கா டோன்சிச், ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான யூரோலீகில் எடுத்தது 16. ஆனால் அந்த 16 புள்ளிகள், அதையே பிழைப்பாகக் கொண்ட, வயதில் மூத்த ஆட்டக்காரர்களை எதிர்த்து எடுத்தவை; அந்தப் பருவத்தின் யூரோலீக் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அந்தப் பத்தொன்பது வயதுக்காரருக்கே கிடைத்தது. அப்படியும் கல்லூரி ஆட்டக்காரர்களான ஏட்டனும் பாக்லியும் அவருக்கு முன்னால் தேர்வானார்கள். பாக்லியைத் தேர்ந்தெடுத்த சாக்ரமென்டோ அணிதான் 2019 அக்டோபரில் நம் மும்பை வொர்லிக்கு வந்து ஆடியது.

டோன்சிச்சின் பழைய யூரோலீக் காணொளிகளைப் பாருங்கள். தம் அணியின் சென்டர் (கூடைக்கருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர்) எதிரணித் தடுப்பாளரை மறித்து நின்று போடும் தடுப்பைத் தாண்டியதும் அவர் வேகமெடுக்க மாட்டார். துரத்தி வரும் தடுப்பாளரைத் தம் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்திவைத்து, வேகத்தைக் குறைத்து, எதிரணி சென்டர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்த பிறகே பந்தைக் கொடுப்பார். இதை எந்தச் சராசரியிலும் காண முடியாது. ஐரோப்பிய கிளப்பில் பயிற்சியாளரின் வேலை வெல்வது. பையனை வளர்ப்பது அதற்கு அப்புறம்தான். ஆகவே கடைசிக் காற்பகுதியில் யாரைக் களத்தில் விடுகிறார் என்பதே எனக்கு முதல் தடயம்.

சயான் கோலிவாடா:
பயிற்சியாளர் ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். “பெரியவர்களோடு ஆடியவன்” என்ற பட்டத்தை நம்பித்தான் 2003-இல் டெட்ராய்ட் அணி செர்பியாவின் டார்கோ மிலிசிச்சை இரண்டாவதாக எடுத்தது. அவருக்குப் பின்னால் வரிசையாகத் தேர்வான கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரும் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். ஒரு முழுப் பருவம் அணியைத் தூக்கிச் சுமந்தவர்கள் என்பதால் அவர்களைப் பற்றிய சான்று கையில் ஏராளமாக இருந்தது. கிளப்பில் குறைவான நிமிடங்களே ஆடும் பதினெட்டு வயதுப் பையனைப் பற்றி இருப்பதோ பெரும்பாலும் ஊகம். அந்த ஊகம் சில சமயம் பலித்தும் விடுகிறது என்பது வேறு கதை: 2013-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கல்லூரி ஆட்டக்காரர் அந்தனி பென்னட் நிலைக்கவில்லை, கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலை லீகிலிருந்து 15-ஆவதாக வந்த யானிஸ் இரண்டு முறை என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரரானார்.

தாராவி தொண்ணூறடி:
இந்தப் பிரிவினையே இப்போது கரைந்துவருகிறது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானபின், ஐரோப்பிய இளைஞர்களே அமெரிக்கக் கல்லூரிக்கு வருகிறார்கள். ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த யெகோர் டியோமின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆடி, 2025-இல் 8-ஆவதாகத் தேர்வானார். நம் சத்னாம் சிங்கோ இந்த இரண்டிலும் சேராதவர்; 2015-இல் ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமி என்ற விளையாட்டுப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்து 52-ஆவதாகத் தேர்வானார்.

மாட்டுங்காவாசி:
எல்லோருக்கும் நன்றி. காணொளி பார்க்க நேரமில்லாதவன் நம்பக்கூடிய எண் என்று ஒன்றாவது உண்டா?

செம்பூர் பயிற்சியாளர்:
ஃப்ரீ த்ரோ சதவீதம், அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதல்களில் எத்தனை கூடையில் விழுந்தன என்பது. கோட்டின் தூரம் எங்கும் ஒன்றுதான், தடுப்பவரும் இல்லை. பின்னாளில் தூரத்திலிருந்து எப்படி எறிவார் என்பதற்கும் அது ஓரளவு குறிகாட்டி. மூன்று புள்ளிக் கோடும் (அதற்கு வெளியிலிருந்து எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி) 2019-20 பருவத்திலிருந்து ஆண்கள் கல்லூரி ஆட்டத்துக்கும் சர்வதேச ஆட்டத்துக்கும் ஒன்றாகிவிட்டதால் அதையும் ஒப்பிடலாம். எத்தனை முறை எறிந்தார் என்பதை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் எண்பது சதவீதம் வெறும் இருபது எறிதல்களில் வந்ததாக இருக்கக்கூடும்.