சூடானால் ஸ்டார்ட் ஆகாத 1974 கொம்பி: "டக்" சத்தம் மட்டும் வருகிறது

கடலோரக் கொம்பி (தஞ்சோங் பூங்கா, பினாங்கு):
அண்ணன்மார்களுக்கு வணக்கம். வண்டி 1974 கொம்பி (ஃபோக்ஸ்வேகன் வேன்), உள்ளே கட்டில், அடுப்பு வைத்த கேம்பர். 1600 என்ஜின், நாலு கியர் மேனுவல், ஒற்றை கார்புரேட்டர். காலையில் சாவியைத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும். தெலுக் பஹாங்கிலிருந்து மலைப்பாதை ஏறி பாலிக் புலாவில் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருப்பினால் "டக்". சில சமயம் அதுவும் இல்லை. டேஷ்போர்டு விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி புதிது. பட்டறையில் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். காசு போடுவதற்கு முன்னால் எதை எதைப் பார்க்கணும்? ஃபிரிட்ஜுக்குத் தனி பேட்டரி பின்னால் இருக்கிறது.

செந்தூல் வயர்மேன்:
தம்பி, ஸ்டார்ட்டரை இப்போதைக்கு வாங்காதீங்க. விளக்கு மங்கவில்லை என்று எழுதியிருக்கீங்களே, அதிலேயே பாதி பதில் இருக்கு. மோட்டார் இறுகிப்போய் மின்சாரத்தை இழுத்தால் விளக்கு அணைந்துபோகிற அளவுக்கு மங்கும். உங்கள் வண்டியில் மோட்டாருக்கு மின்சாரமே போய்ச் சேரவில்லை. சோலனாய்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடுகிற காந்த சுவிட்ச், முழுசாக இழுக்காமல் பாதியில் நிற்கிறது.

காரணம் இதுதான். கொம்பியில் பேட்டரி பின்னால், சாவி முன்னால், ஸ்டார்ட்டர் மறுபடியும் பின்னால். சோலனாய்டை இழுக்கிற மின்சாரம் வண்டியின் முழு நீளத்தையும் இரண்டு தடவை கடந்து, இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த முனைகள் வழியாகத்தான் வருது. ஐம்பது வருஷம் ஆன ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்னும். அதோடு சூடு சேருது. 20 டிகிரியில் இருக்கிற செம்புச் சுருள் 100 டிகிரிக்குப் போனால் அதன் தடை ஏறக்குறைய 30 விழுக்காடு கூடும். குளிர்ச்சியில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்த சோலனாய்டு சூட்டில் கைவிட்டுவிடும்.

மீட்டர் ஒன்று எடுங்க. வண்டி மக்கர் பண்ணும்போது, சூட்டோடு அளந்தால்தான் பிரயோஜனம். நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீங்க. ஸ்டார்ட்டர் வலது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், கியர்பாக்ஸ் மேல் இருக்கும். அதில் பேட்டரியின் தடித்த கேபிள் வந்து சேரும் முனைக்கு எண் 30. சிவப்பில் கறுப்புக் கோடு போட்ட மெல்லிய வயர் தட்டை முனையில் சொருகியிருப்பது 50. அந்த வயரைக் கழற்றாமல், மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி 50இல் எவ்வளவு வருது என்று பாருங்க. அடுத்து 30க்கும் 50க்கும் நடுவே தடித்த வயரால் நேரடியாகத் தொடுங்க. சுற்றினால் ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கு.

காற்றுக்குளிர் (கிள்ளான்):
செந்தூல்காரர் சொன்னது சரி. கூடவே எர்த்தையும் அளந்துவிடுங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன. பாடிக்கும் அவற்றுக்கும் முக்கியமான இணைப்பு கியர்பாக்ஸ் முன்மூக்கில் இருக்கும் பின்னல் பட்டைதான். தஞ்சோங் பூங்கா கடற்காற்றில் அது வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே பச்சை பூத்திருக்கும். விரலால் மடக்கிப் பாருங்கள், மொரமொரவென்று உடைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. மோட்டார் சுற்றும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை கியர்பாக்ஸின் பளபளப்பான உலோகத்திலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது.

கடலோரக் கொம்பி:
நன்றி அண்ணே. இன்று சூட்டோடு அளந்தது: ஓய்வில் பேட்டரி 12.6. சாவியைத் திருப்பும்போது பேட்டரியில் 12.3, 50இல் 7.4 மட்டும். நேரடியாகத் தொட்டதும் வேகமாகச் சுற்றியது, அப்போது பேட்டரி 10.7. எர்த் பக்கம் 0.7.

செந்தூல் வயர்மேன்:
வழியில் மட்டும் கிட்டத்தட்ட 5 வோல்ட் தொலையுது. ஸ்டார்ட்டருக்குச் செலவு பண்ண வேண்டாம்.

முதலில் எர்த் பட்டை, ஏனென்றால் அது எல்லாவற்றுக்கும் பொது. புதுசு போடும்போது இரண்டு முனையும் உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உலோகம் மின்னும்வரை உரசி எடுங்க, முறுக்கின பிறகு மேலே கிரீஸ் பூசுங்க. அளவு 0.3க்குக் கீழே வந்துவிட்டதா என்று மறுபடி பார்த்துவிட்டு, சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கிற ரிலேயை வைக்கப் போங்க.

ரிலே சாதாரண நாலு கால், 40 ஆம்பியர், எந்தக் காடிச் சாமான் கடையிலும் கிடைக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்க. ஸ்டார்ட்டரின் 30 போல்ட்டிலிருந்து ரிலேயின் 30 என்ற காலுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர், போல்ட்டை ஒட்டியே 30 ஆம்பியர் ஃபியூஸ். ரிலேயின் 87இலிருந்து அதே தடிமனில் சோலனாய்டின் 50க்கு. அங்கிருந்து கழற்றின சிவப்பு-கறுப்பு வயர் ரிலேயின் 86க்கு, 85 பாடி எர்த்துக்கு. இனி சாவி சுமப்பது ரிலேச் சுருளுக்கான சின்ன மின்சாரம் மட்டும்தான், 7 வோல்ட் வந்தாலும் பெரும்பாலும் இழுத்துவிடும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி, சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் படாத உயரத்தில் மாட்டுங்க. இங்கே பெய்கிற மழைக்கு, கால் மேலே பார்த்தால் தண்ணீர் உள்ளே தேங்கிவிடும்.

காற்றுக்குளிர்:
ரிலே வைத்த பிறகு ஒரு நாள் சூட்டில் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் பெல்ஹவுசிங்கில் (என்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) இருக்கும் வெண்கல புஷ்ஷைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் தண்டின் முனை அதில்தான் தாங்குகிறது, அது ஸ்டார்ட்டரோடு வராது. தேய்ந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) சாய்ந்து உள்ளே உரசும், புது ஸ்டார்ட்டர் போட்டாலும் அதே கதைதான். 6 வோல்ட், 12 வோல்ட் ஸ்டார்ட்டர்களுக்குத் தண்டின் அளவு வேறு, ஆகவே அளந்து வாங்குங்கள். ஃபிரிட்ஜ் பேட்டரி இந்தக் கோளாறுக்குக் காரணமில்லை. இரண்டு பேட்டரியையும் பிரிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் ஃபிரிட்ஜ் இரவில் வண்டி பேட்டரியையும் காலி பண்ணிவிடும், அது காலையில்தான் தெரியும்.

கடலோரக் கொம்பி:
அந்த ஃபியூஸ் கட்டாயமா? ரிலேயிலிருந்து ஸ்டார்ட்டருக்கு ஒரு முழம்கூட இல்லை.

காற்றுக்குளிர்:
கட்டாயம். பேட்டரியிலிருந்து 30க்கு வரும் கேபிளில் ஃபியூஸ் கிடையாது. அதில் கிளை எடுத்த உங்கள் வயர் எங்காவது உரசினால் அதே இடத்தில் நெருப்பு. பெட்ரோல் ஹோஸும் பக்கத்தில்தான் போகிறது, அந்த என்ஜின் கேஸ் மக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் சீறி எரியும். அடியில் படுத்திருக்கும்போதே ஹோஸையும் மடக்கிப் பாருங்கள். துணிப் பின்னலுக்குள் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட்டுப் பிறகு சாவியைத் திருப்புங்கள்.