கிரவுண்டுக்குப் பேர் வைக்கிற விஷயம்

குழு: மேல் லயம் சொந்தங்கள் (லயம்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள்)

*தினேஷ்:* எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். நேற்று ஹட்டனில் இருந்து, வண்டிக்குக் கடன் கொடுக்கிற லீசிங் கம்பனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நம் கிரவுண்டுக்கு அவர்கள் கம்பனியின் பேரை வைத்தால் 5 வருஷத்துக்கு 5 லட்சம் தருகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

*ரவி திரீவீல்:* எந்த லீசிங்

*தினேஷ்:* பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாடியில்

*ரவி திரீவீல்:* 😂😂😂

*ரவி திரீவீல்:* என் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களா

*சுதா அக்கா:* அதே ஆட்கள்

*ரவி திரீவீல்:* வண்டி போதாதென்று கிரவுண்டையும் தூக்கப் போகிறார்களா

*தினேஷ்:* தூக்கவில்லை அண்ணா. பேர் மட்டும்தான்.

*ராணி அத்தை:* யாருக்குப் பேர் வைக்கிறீர்கள்?? சுதா, என்னிடம் சொல்லவே இல்லையே

*சுதா அக்கா:* அத்தை 🙏 கிரவுண்டுக்கு

*ராணி அத்தை:* அதற்கு எதற்குப் பேர். வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம்தானே

*செல்வம் சித்தப்பா:* ஐந்து வருஷத்துக்கு ஐந்து லட்சமா. இது ரொம்பக் குறைவு.

*மாஸ்டர் மாமா:* பிள்ளைகளே, இது உலகத்தில் நடக்கிற வியாபாரம்தான். நிதானமாகப் படியுங்கள். இங்கிலாந்தில் ஆர்சனல் ஃபுட்போல் கிளப் 2006இல் ஹைபரியை விட்டுப் புது மைதானத்துக்குப் போனது. அதற்கு முன்பே, 2004இல், எமிரேட்ஸ் விமானக் கம்பனியோடு பேசி முடித்துவிட்டார்கள். மைதானத்துக்கு 15 வருஷம் பேர், ஜெர்சியில் 8 வருஷம் விளம்பரம், இரண்டும் சேர்த்து 10 கோடி பவுண். கட்டி முடிக்கும் முன்பே பேர் விற்றாகிவிட்டது. மைதானம் புதிது, அதனால் பெரிய சண்டை வரவில்லை. பழைய மைதானத்தின் பேரைத் தொட்டால்தான் வில்லங்கம். (தொடரும்)

*கோபி டுபாய்:* எமிரேட்ஸ் ஒஃபிஸ் இங்கே பக்கத்தில்தான் மாமா 😎 கேட்டுப் பார்க்கவா

*ரவி திரீவீல்:* கேள். காசு வேண்டாம், எனக்கு ஒரு டிக்கட் போதும்

*மாஸ்டர் மாமா:* (தொடர்ச்சி) நியூகாசில் யுனைடட் 1892இல் இருந்து செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் விளையாடுகிறது. 2011இல் அதன் முதலாளி மைக் ஆஷ்லி தன் கடையின் பேரைப் போட்டு ஸ்போர்ட்ஸ் டிரெக்ட் அரீனா என்று மாற்றினார். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த வருஷம் வொங்கா என்று ஒரு கம்பனி ஸ்பொன்சராக வந்தது. என்ன கம்பனி தெரியுமா? சம்பள நாள் வருவதற்குள் அவசரக் கடன் கொடுத்து, கடும் வட்டி வாங்குகிற கம்பனி. அவர்கள் என்ன செய்தார்கள்? மைதானத்தின் பேரையும் சேர்த்து வாங்கி, பழைய பேரையே திரும்ப வைத்தார்கள். வட்டிக்காரனுக்கு அவ்வளவு மூளை. 2018இல் அந்தக் கம்பனி முங்கிப் போனது. செயின்ட் ஜேம்ஸ் பார்க் அப்படியே இருக்கிறது.

*ரவி திரீவீல்:* அப்போ இவர்களும் வாங்கித் திருப்பித் தரட்டும். என் வண்டியோடு

*தினேஷ்:* மாமா, காசு எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்குக் கீழ்ப் பக்கம் மண் சரிந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆறடி தள்ளிப் பள்ளம். அந்தப் பக்கம் ஓங்கி அடித்தால் பந்து நேரே கவ்வாத்து மலைக்குள் போகிறது. வெட்டி விட்ட தேயிலைக் கொப்பு ஈட்டி மாதிரி நிற்கிறது. இரண்டு பந்து கிழிந்துவிட்டது. சுவருக்கு மேசன் 7 லட்சம் கேட்கிறார்.

*செல்வம் சித்தப்பா:* கையில் 5, சுவர் 7

*தினேஷ்:* மீதியை நாம் போடலாம்

*சுதா அக்கா:* நாம் என்றால் யார்

*பிரியா:* 👀

*சுதா அக்கா:* 5 லட்சத்தை 60 மாதத்தால் பிரித்துப் பார்த்தேன். மாதம் 8,333 ரூபா.

*ரவி திரீவீல்:* நான் வண்டிக்கு மாதம் 24,000 கட்டினேன். என் ஒருவன் காசிலேயே கிட்டத்தட்ட மூன்று கிரவுண்டுக்குப் பேர் வைக்கலாம்

*செல்வம் சித்தப்பா:* என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். பேர் வைப்பதென்றால் அப்பா பேரைத்தான் வைக்க வேண்டும். மேடும் பள்ளமுமாகக் கிடந்த இடத்தை மண்வெட்டி பிடித்து மட்டமாக்கியது அவரும் அவர் கூட்டாளிகளும். வேலை முடிந்து வந்து, இருட்டும் வரைக்கும் வெட்டினார்கள்.

*ராணி அத்தை:* இப்போதுதான் அப்பா ஞாபகம் வருகிறதா. கோயில் மணியில் உபயம் என்று யார் பேர் இருக்கிறது?

*செல்வம் சித்தப்பா:* அக்கா அது பழைய கதை

*ராணி அத்தை:* மணி இன்னும் தொங்குகிறது

*பிரியா:* 💀

*ராணி அத்தை:* நானும்தான் காசு போட்டேன். என் பேர் எங்கே? அப்பா பேர் எங்கே?

*செல்வம் சித்தப்பா:* எழுத்துக்கு இவ்வளவு என்று கடைக்காரன் காசு கேட்டான். மூன்று பேர் போட இடமும் இல்லை.

*சுதா அக்கா:* சித்தப்பா இந்த வியாபாரத்தை ஆர்சனலுக்கு முன்பே பண்ணிவிட்டார்

*ராணி அத்தை:* அதை விடு. ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டுப் பெரியம்மா கருமாதிக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்? அரிசி, பருப்பு வாங்க வேண்டும்.

*பிரியா:* நாங்கள் 4

*தினேஷ்:* அத்தை, ஞாயிறு கிளப் மீட்டிங் வைத்திருக்கிறோம்

*ராணி அத்தை:* செத்தவரைத் தள்ளி வைக்கச் சொல்கிறாயா

*தினேஷ்:* இல்லை இல்லை. நாங்கள் 5

*தலைவர் மாமா:* தம்பி தினேஷ். ஒரு கேள்வி. கிரவுண்ட் யாருடையது?

*தினேஷ்:* நம்முடையதுதானே மாமா. கிளப் கிரவுண்ட்.

*தலைவர் மாமா:* பேப்பர் இருக்கிறதா?

*சுதா அக்கா:* 👏

*மாஸ்டர் மாமா:* தலைவர் சரியான இடத்தில் கை வைத்தார். காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களை நிர்வகிக்கக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். குத்தகை 2045 வரைக்கும். நாம் குடியிருக்கிற லயத்துக் காம்பராவுக்கே நம் கையில் உறுதிப் பத்திரம் இல்லை. ஆர்சனல் தன் சொந்த மைதானத்தின் பேரை விற்றது. நாம் துரையின் (தோட்ட மேனேஜரின்) கிரவுண்டுக்குப் பேரை விற்று, காசை நம் பையில் போட்டால் அதற்கு என்ன பேர்?

*செல்வம் சித்தப்பா:* மச்சான் டவுனில் வீடு கட்டிப் போனவர், உறுதி பற்றிப் பேசலாம்

*மாஸ்டர் மாமா:* நான் பென்ஷன் காசில் கட்டினேன் செல்வம். அதை இங்கே ஏன் இழுக்கிறாய்?

*தலைவர் மாமா:* சண்டை வேண்டாம். போர்ட்டை நட்டால் மறுநாளே துரை பிடுங்கச் சொல்வார். கம்பனிக்காரன் காசைத் திருப்பிக் கேட்பான். யாரிடம் கேட்பான்?

*சுதா அக்கா:* தினேஷ், பேப்பரில் யார் கையெழுத்து?

*தினேஷ்:* என்னுடையதுதான் கேட்கிறார்கள்

*சுதா அக்கா:* செயலாளர் என்றா, உன் சொந்தப் பேரிலா? அடையாள அட்டை நம்பர் கேட்டார்களா?

*தினேஷ்:* கேட்டார்கள்

*ரவி திரீவீல்:* நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன்

*சுதா அக்கா:* பேப்பரைப் படம் எடுத்து அனுப்பு. எல்லாப் பக்கமும்.

*தினேஷ்:* [படம்] [படம்] [படம்]

*கோபி டுபாய்:* தமிழில் ஒரு வரி கூட இல்லையே

*சுதா அக்கா:* படித்துவிட்டேன். ஒன்று, 5 லட்சமும் ஒரே தடவையில் வராது. வருஷம் ஒரு லட்சம். சுவர் எப்படி எழும்பும் என்று நீயே யோசி. இரண்டாவது, போர்ட் அடிக்கிற செலவும் பெயின்ட் செலவும் கிளப்பின் தலையில். அப்புறம் முக்கியமானது: கம்பனி தன் பேரை மாற்றினால் நாமும் மாற்ற வேண்டும். கிளப் நடத்தும் எல்லாப் போட்டியிலும் அவர்கள் பேனர் மட்டும்தான்.

*தினேஷ்:* அப்போ பொங்கல் கப்? ஹாட்வெயார் கடை முதலாளிதானே கோப்பை தருகிறார்

*ரவி திரீவீல்:* பெயின்ட்டும் அவர் கடையில்தான் வாங்க வேண்டும் 😂

*மாஸ்டர் மாமா:* இந்தப் பிரச்சினை பெரிய இடத்திலும் உண்டு. மியூனிக்கில் அலியான்ஸ் அரீனா, 2005இல் திறந்தது. அலியான்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பனி. சாம்பியன்ஸ் லீக் போட்டி அங்கே நடந்தால் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது, ஏனென்றால் அந்தப் போட்டிக்கு ஸ்பொன்சர் வேறு. 2012 இறுதிப் போட்டிக்கே வேறு பேர் சொல்லித்தான் நடத்தினார்கள். பேர் மாறுகிற கதைக்கு ஹாம்பர்க்கைப் பாருங்கள். ஃபோக்ஸ்பார்க் என்ற மைதானம் 2001இல் ஏஓஎல் அரீனா ஆனது. 2007இல் ஒரு பேங்கின் பேர். 2010இல் இம்டெக் அரீனா. 2015இல் இம்டெக்கின் ஜெர்மன் கம்பனி வங்குரோத்து. அதே வருஷம் குயூனே என்ற பணக்கார ரசிகர் காசு கொடுத்துப் பழைய பேரைத் திரும்பக் கொண்டு வந்தார்.

*பிரியா:* மாமா நம்மிடம் பணக்கார ரசிகர் யார்

*ரவி திரீவீல்:* கோபி

*கோபி டுபாய்:* 🏃

*சுதா அக்கா:* கொழும்பில் பிரேமதாச மைதானம் என்று போர்ட் இருக்கிறது. கேட்டுப் பார், பாதிப் பேர் இன்னும் கெத்தாராமா என்பார்கள்.

*பிரியா:* அப்போ விற்றால் நமக்கு என்ன நஷ்டம்? போர்டில் அவர்கள் பேர், வாயில் நம்ம பேர். ராணி அத்தை சாகும் வரைக்கும் பெரட்டுக்களம் என்றுதான் சொல்வார்

*ராணி அத்தை:* என்னை ஏன் சாகடிக்கிறாய்

*கோபி டுபாய்:* பிரியா சொல்வது நியாயம். காசு வாங்கு, கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடு

*ரவி திரீவீல்:* யார் என்ன சொன்னாலும் சரி, அந்த போர்ட்டுக்குக் கீழே நான் கோல் காக்க மாட்டேன். ஆறு மணிக்கு வந்து என் பிள்ளைகள் பார்க்க வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்கூல் பை பின் சீட்டில் இருந்தது. அதை எடுக்க இரண்டு நாள் அலைய விட்டார்கள்.

*சுதா அக்கா:* ம்ம்

*தினேஷ்:* அண்ணா சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது. வேறு கீப்பர் இல்லை

*ரவி திரீவீல்:* போர்ட் இல்லாத வரைக்கும் வருவேன்

*செல்வம் சித்தப்பா:* சரி, நடுவில் ஒன்று சொல்கிறேன். கிரவுண்டுக்குப் பேர் கிடையாது. வேண்டுமானால் மேட்ச் நாளில் ஒரு பேனர் கட்டட்டும். ஒரு வருஷம், ஒரு லட்சம். பேர் அப்பாவுக்கு.

*ராணி அத்தை:* அதற்கு நானும் சம்மதம். ஆனால் போர்டில் உபயம் என்று ஒருவர் பேரும் வரக்கூடாது.

*செல்வம் சித்தப்பா:* 🙏

*தலைவர் மாமா:* அப்பா பேருக்கும் துரையிடம் கேட்க வேண்டும். கீழ் லயத்துக்காரர்களும் ஒரு பேரோடு வருவார்கள். மட்டமாக்கியதில் அவர்கள் ஆட்களும் இருந்தார்கள்.

*செல்வம் சித்தப்பா:* இரண்டு பேர்தான்

*தலைவர் மாமா:* அவர்கள் பதினைந்து பேர் என்கிறார்கள்

*மாஸ்டர் மாமா:* பார்சிலோனாவில் 2022இல் ஸ்பொட்டிஃபை கேம்ப் நூ என்று முன்னால் மட்டும் கம்பனிப் பேரைச் சேர்த்து, பழைய பேரைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் அங்கத்தவர்களைக் கூட்டி வாக்கெடுத்தார்கள். நாமும் வாக்கெடுப்பு வைக்கலாம்.

*பிரியா:* லீசிங் பெரட்டுக்களம் 😭

*மாஸ்டர் மாமா:* சிரிக்காதே. இங்கிலாந்தில் யோர்க் சிட்டி சின்ன கிளப், காசில்லாத கிளப். 2005இல் தங்கள் மைதானத்துக்கு கிட்கேட் கிரெசன்ட் என்று பேர் வைத்தார்கள். கிட்கேட் பிறந்ததே அந்த ஊர் ஃபெக்டரியில். ஊருக்குச் சோறு போட்ட கம்பனி என்றால் பேர் கொஞ்சமாவது ஒட்டும்.

*ரவி திரீவீல்:* சோறு போட்டவனும் சோற்றைப் பிடுங்கினவனும் ஒன்றா

*கோபி டுபாய்:* இங்கே நம் தோட்டத்துப் பொடியன்மார் ஒன்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கு 20,000 போட்டு சுவருக்கு அனுப்புகிறோம்

*சுதா அக்கா:* 9 × 20,000 = 1,80,000. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்

*கோபி டுபாய்:* 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*சுதா அக்கா:* ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது தம்பி

*கோபி டுபாய்:* அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் அக்கா

*தினேஷ்:* அப்போ முடிவு என்ன? வெள்ளிக்கிழமை அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

*தலைவர் மாமா:* யோசிக்கிறோம் என்று சொல்

*செல்வம் சித்தப்பா:* பேனர் என்று சொல்

*ரவி திரீவீல்:* ஃபோனை எடுக்காதே. நான் அப்படித்தான் செய்தேன்

*சுதா அக்கா:* அதனால்தான் வண்டி போனது. தினேஷ், எதிலும் கையெழுத்து மட்டும் போடாதே.

*தலைவர் மாமா:* செவ்வாய்க்கிழமை பின்னேரம், கொழுந்து எடை போட்ட பிறகு துரையைப் பார்ப்போம். கிளப் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் எழுதிக் கொண்டு வா. சுவரைப் பற்றி மட்டும் எழுது. மண் சரிவு என்றால் தோட்டமும் ஏதாவது செய்யத்தான் வேண்டும். பேர் விஷயத்தை நான் வாயால் கேட்கிறேன்.

*தினேஷ்:* யார் யார் வருகிறீர்கள்?

*செல்வம் சித்தப்பா:* எனக்குச் செவ்வாய் கிளினிக்

*மாஸ்டர் மாமா:* 🎤 குரல் செய்தி (6:40)

*பிரியா:* மாமா 6 நிமிஷமா

*ராணி அத்தை:* மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் ஒருவரா இரண்டு பேரா? அதை மட்டும் எழுதுங்கள்.

*மாஸ்டர் மாமா:* 2. ஒருவருக்கு உப்புக் குறைவாக.