ஆச்சி வீட்டுக் குழு: ஈஸ்டருக்கு ஆப்பமா, பிரியாணியா?

மார்ச் 30, திங்கள்

அம்மா, காலை 9:12
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்குப் பாளையங்கோட்டைக்கு யார் யார் வருகிறீர்கள்? இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள். கறிக்கடையில் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். சனிக்கிழமை போய் நின்றால் எலும்புதான் மிஞ்சும்.

சித்தி, 9:20
நாங்கள் நான்கு பேர். பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து கோயம்புத்தூரில் கிளம்புகிறோம்.

மாமா, 9:41
நாங்கள் ஐந்து பேர். அக்கா, ஒரு யோசனை. இந்த வருஷம் யாரும் அடுப்படியில் கிடந்து வேக வேண்டாம். மதியத்துக்கு பக்கெட் பிரியாணி சொல்லிவிடலாம். காலையில் ஆளுக்கு நாலு இட்லி போதும். பணம் என் பொறுப்பு.

பெரியம்மா, 9:43
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி, 9:44
பெரியம்மா, என்ன போட்டு அழித்தீர்கள்?

பெரியம்மா, 9:50
ஒன்றுமில்லை. லெந்து விரத நாளில் கோபப்படக் கூடாது என்று அழித்தேன்.

அம்மா, 10:05
ஆச்சி சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன்:
"பிரியாணி கல்யாணத்துக்கும் உண்டு, காதுகுத்துக்கும் உண்டு. பேரன் பாஸானாலும் உண்டு. ஈஸ்டர் சாப்பாடு என்பது காலைச் சாப்பாடு. இருட்டோடு கோவிலுக்குப் போய், விடிந்து வீட்டுக்கு வந்து, ஆப்பத்தைப் பிய்த்துக் கறிக்குழம்பில் முக்கி வாயில் வைக்கிறோமே, அதுதான். மதியம் நீங்கள் என்னத்தைத் தின்றால் எனக்கென்ன."

மாமா, 10:11
சரி, பக்கெட்டை வாபஸ் வாங்குகிறேன்.

அண்ணன், 10:30
தூத்துக்குடியில் இருந்து நாங்கள் மூன்று பேர். ஆனால் இவள் வீட்டு வழக்கப்படி சனிக்கிழமை இரவே பாஸ்கா திருவிழிப்புக்குப் போவோம். பூசை முடிய நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி ஆகிவிடும்.

மதினி, 10:34
அத்தை, எங்கள் வீட்டில் பூசை முடிந்து வந்ததும் நடுராத்திரியிலேயே சாப்பிட்டுவிடுவோம். அதனால் காலை ஆப்பம் எனக்கு இரண்டாவது ஈஸ்டர்.
பிறகு, மீன் கொண்டு வரட்டுமா? போன வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 20, மீன்பிடித் தடைக்காலத்தில் மாட்டிக்கொண்டது. இந்த வருஷம் 5-ஆம் தேதி. விசைப்படகுகள் 15-ஆம் தேதிதான் நிற்கும். நல்ல சீலா கிடைக்கும்.

அம்மா, 10:36
கொண்டு வாம்மா. மதியத்துக்குப் பொரித்துக்கொள்வோம். பிரியாணியை சீரகச் சம்பாவில் வீட்டிலேயே போட்டுவிடலாம்.

மாமா, 10:37
ஆக, ஆப்பமும் உண்டு, பிரியாணியும் உண்டு, மீனும் உண்டு. நான் சொன்னது மட்டும் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

தம்பி, இரவு 8:15
ஒரு பொதுச் சந்தேகம். சாம்பல் புதன் பிப்ரவரி 18. அதிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 நாள் வருகிறது. லெந்து நாற்பது நாள்தானே?

நான், 8:17
ஞாயிறு கணக்கில் வராது. ஆறு ஞாயிறைக் கழித்துப் பார்.

தம்பி, 8:18
ஞாயிறு கணக்கில் இல்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரு சிக்கன் 65 சாப்பிட்டவன் விரதத்தை முறித்தவன் ஆகமாட்டான், சரியா?

பெரியம்மா, 8:19
எத்தனை ஞாயிறு?

தம்பி, 8:25
பெங்களூரில் நெட்வொர்க் சரியில்லை.

அம்மா, 8:40
ஆச்சி கேட்டுவிட்டார்கள். அவனுக்கு முதல் ஆப்பம் கிடையாது, கடைசி ஆப்பம்தான் என்கிறார்கள்.

ஏப்ரல் 1, புதன்

நான், காலை 7:30
ஆச்சியிடம் ஆப்ப மாவு அளவு கேட்டு எழுதுங்களேன் அம்மா. சென்னையில் நான் போட்டால் ஓரம் மொறுமொறுவென்று வருவதில்லை. நடுவும் தோசை மாதிரி தட்டையாக இருக்கிறது.

அம்மா, 8:20
ஆச்சி கணக்கு: கிலோ அரிசிக்கு ஏறக்குறைய முப்பது ஆப்பம். பத்தொன்பது பேர், ஆளுக்கு நாலு, கூடவே எதிர் வீட்டுக்கு. மூன்று கிலோ போட்டால் தட்டாது.
பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, தேங்காய்த் துருவலும் ஒரு கும்பா பழைய சோறும் சேர்த்து நைஸாக ஆட்ட வேண்டும். மாவில் இரண்டு கரண்டி எடுத்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு திரும்ப மாவில் கலக்க வேண்டும். நீ இதைத்தான் விட்டிருப்பாய். நடு மெத்தென்று வருவது இந்தக் கூழால்தான். உப்பும் தேங்காய்ப்பாலும் சுடுவதற்கு முன்னால்தான். ஓரம் வராததற்கு மாவு கெட்டியாக இருந்திருக்கும். சட்டியைச் சுழற்றினால் மாவு ஓட வேண்டும்.

நான், 8:24
ஈஸ்ட் எவ்வளவு?

அம்மா, 8:31
மூன்று கிலோவுக்கு ஒன்றரை ஸ்பூன். அதற்கு மேல் போட்டால் பேக்கரி வாசம் அடிக்குமாம். அந்தக் காலத்தில் ஈஸ்ட் ஏது, பனையேறி வீட்டில் இருந்து ஒரு செம்பு கள் வரும், அதை விட்டால் மாவு பூப்போலப் பொங்கும் என்கிறார்கள். 1987-இல் கள்ளுக்குத் தடை வந்த பிறகுதான் இந்த ஈஸ்ட் பொட்டலம்.

தம்பி, 8:35
இப்போது பதநீர் சீசன்தானே? அதை விட்டால் பொங்காதா?

பெரியம்மா, 8:37
பொங்காது. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதே அது புளிக்கக் கூடாது என்றுதான். நாசரேத்தில் எங்கள் தெருவுக்குத் தினமும் பதநீர் வருகிறது, ஒருநாள் வந்து நேரிலேயே பார். குடிக்கலாம், கருப்பட்டி காய்ச்சலாம், மாவில் விட்டால் வீண்.
மாமாவுக்கு ஒரு செய்தி. முதலூரில் மஸ்கோத் அல்வா சொல்லியிருக்கிறேன், இரண்டு கிலோ. தேங்காய்ப்பாலில் கிண்டுவது, நெய் இல்லை. டாக்டரிடம் அப்படிச் சொல்லிக்கொள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

அம்மா, மாலை 4:10
கோவிலில் சிலுவையின் ஏழு வார்த்தைகள் தியானம் முடிந்து மூன்றரைக்கு வந்தோம். கஞ்சி, காணத் துவையல், சுட்ட அப்பளம். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 4, சனி

அம்மா, மாலை 5:02
மாவு ஆட்டியாயிற்று. வெயில் கொளுத்துகிறது, சீக்கிரம் பொங்கிவிடும். பெரிய அண்டாவில் பாதிக்கு மேல் ஊற்றவில்லை. கறி நாளைக் காலை நாலரைக்குக் கையில் வந்துவிடும். குழம்புக்கு மல்லி, மிளகாய், தேங்காய், சோம்பு எல்லாம் இன்றைக்கே வறுத்து வைத்துவிட்டேன்.

சித்தி, இரவு 9:40
[படம்]
யார் செய்த வேலை இது? மாவு அண்டாவைத் தாண்டி, தரையில் இறங்கி, அரிசிப் பானை வரைக்கும் போயிருக்கிறது.

மாமா, 9:44
மாவு பொங்கவே இல்லையே என்று ஏழு மணிக்கு இன்னொரு ஸ்பூன் ஈஸ்ட் போட்டேன். உதவலாம் என்றுதான்.

பெரியம்மா, 9:45
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 9:58
ஆச்சி பதறவில்லை. மாவை இரண்டு பாத்திரமாகப் பிரித்து ஒன்றை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். மறுபடி யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஈஸ்ட் போட்ட கைதான் நாளை இரண்டாவது அடுப்பில் சட்டி பிடிக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

மதினி, அதிகாலை 1:52
அல்லேலூயா! பூசை இப்போதுதான் முடிந்தது. வீட்டில் அம்மா பாயா வைத்திருக்கிறார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து கிளம்புகிறோம். மீன் நேற்றே வாங்கி ஐஸில் இருக்கிறது.

அம்மா, காலை 6:15
ஆராதனை முடிந்துவிட்டது. குழம்பு குக்கரில். யாரும் காபி குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான், 7:05
[படம்]
முதல் ஆப்பம். எதிர் வீட்டுக்கு. தேங்காய்ப்பாலும் சீனியும் மட்டும் வைத்து, கறிக்கரண்டி எதன் மேலும் படுவதற்கு முன்னால் ஆச்சியே கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் சைவம். சித்திரை ஒன்றாம் தேதி அங்கிருந்து மாங்காய்ப் பச்சடியும் வடையும் வரும்.

தம்பி, 8:20
மாமா இதுவரை 41 ஆப்பம் சுட்டிருக்கிறார். முதல் ஆறு சட்டியோடு ஒட்டிக்கொண்டது, கணக்கில் இல்லை. ஈஸ்ட் வாசம் லேசாக இருக்கிறது, குழம்பு ஊற்றினால் தெரியவில்லை. எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

மாமா, 8:58
உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது ஆப்பம். பேசாதீர்கள்.

அண்ணன், மாலை 3:30
பிரியாணியில் பாதி அப்படியே இருக்கிறது. சீலா மட்டும் ஒரு துண்டு கூட மிச்சமில்லை.

சித்தி, இரவு 8:05
இரவுக்கு ரசமும் அப்பளமும். கறி சூடு பண்ணட்டுமா என்று கேட்டேன், யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தம்பி, 8:12
அடுத்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 28. சாம்பல் புதன் பிப்ரவரி 10. இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியம்மா, 8:14
ஞாயிறு உட்பட.

அம்மா, 9:30
பிரியாணி கட்டிக்கொண்டு போனதில் என் மூன்றடுக்கு எவர்சில்வர் தூக்கைக் காணவில்லை. மூடியில் ஆச்சி பேர் வெட்டியிருக்கும். யாரிடம் இருக்கிறது?

மாமா, 9:31
காரில் பார்க்கிறேன்.